எண்ணெய் ஏன் நின்றது, டீச்சர்?

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு, ஸ்தோத்திரம்.

எனக்கு வயது 43. நாசரேத் பக்கம் ஒரு கிராமம். தாத்தா காலத்திலிருந்தே சி.எஸ்.ஐ. சபைக் குடும்பம். வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறேன். சபையில் 17 வருஷமாக சண்டே ஸ்கூல் டீச்சர்.

என் கணவர் லோடு ஆட்டோ ஓட்டினார். போன கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்பு வண்டி கவிழ்ந்து, வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்துவிட்டது. கம்பி வைத்திருக்கிறார்கள். இன்னும் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியவில்லை. தவணை பாக்கி என்று வண்டியை ஃபைனான்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முதல்வர் காப்பீட்டில் ஆபரேஷன் செலவு பெரும்பகுதி போனது. மீதிச் செலவுக்கும், மகளின் நர்சிங் படிப்புக்கும், வீட்டுப் பாட்டுக்கும் குழுக்கடன் வாங்கினேன். ஒன்றை அடைக்க இன்னொன்று. இப்போது 4 குழு, வாரம் 3,400 ரூபாய் கட்ட வேண்டும். அது போக ஒருவரிடம் 50,000 ரூபாய் பத்து வட்டிக்கு வாங்கி, தொகை எழுதாத பாண்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். 6 பவுன் அடகில் இருக்கிறது. தையலில் மாதம் 7,000 வந்தாலே பெரிது. கணவருக்கு இரண்டு குழு மட்டும்தான் தெரியும்.

ஜெபிக்காமல் இல்லை அம்மா. 21 நாள் உபவாசம் இருந்தேன். ஒரு கன்வென்ஷனில் ஊழியக்காரர் ஒருவர் கடன் தீர விதைப்புக் காணிக்கை போடச் சொன்னார். கம்மலை அடகு வைத்து 5,000 போட்டேன். ஒன்றும் மாறவில்லை. ஜெபக்குழுவில் ஒரு அக்கா, "அறிக்கையிடாத பாவம் ஏதோ வீட்டில இருக்கு, யோசிச்சுப் பாருங்க" என்றார். அன்றிலிருந்து கல்யாணத்துக்கு முன்னால் நடந்ததிலிருந்து எல்லாவற்றையும் துருவிக்கொண்டே இருக்கிறேன்.

மூன்று மாதமாக விடியற்காலம் 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. முழங்காலில் நின்றால் வார்த்தை வரவில்லை. வேதத்தைத் திறந்தால் எழுத்து மட்டும்தான் தெரிகிறது. சாப்பாடு இறங்கவில்லை. படுக்கும்போது, காலையில் எழும்பாமலே போனால் நல்லது என்று தோன்றுகிறது. அப்படி நினைத்தது பாவம் என்று உடனே ஒரு பயம்.

போன மாதம் சண்டே ஸ்கூலில் எலிசா தீர்க்கதரிசியும் விதவையும் பாடம். புருஷன் செத்துப்போக, கடன்காரன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கக் கூட்டிப்போக வருகிறான். எலிசா சொன்னபடி அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கி, வீட்டிலிருந்த ஒரு குடம் எண்ணெயை ஊற்ற ஊற்ற எல்லாம் நிறைகிறது. பாத்திரம் தீர்ந்ததும் எண்ணெய் நின்றுவிடுகிறது. ஒரு பையன் எழும்பி, "எண்ணெய் ஏன் நின்னுச்சு டீச்சர்?" என்று கேட்டான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறிலிருந்து போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டாரா, அல்லது எனக்கு விசுவாசமே இல்லையா?

ஒரு சகோதரி

*

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் கேட்ட கேள்விக்கு அப்புறம் வருகிறேன். நடுவில் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனீர்களே, காலையில் எழும்பாமலே போனால் நல்லது என்று, அதுதான் எனக்கு முதலில். அந்த நினைப்பு வருவது பாவமல்ல. தாங்க முடியாத பாரம் என்று மனசு சொல்லும் ஒரு வழி அது. ஆனால் நினைப்பு அதோடு நிற்கிறதா, எப்படி, எப்போது என்றும் போகிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அப்படிப் போனால் ஒரு நிமிஷமும் தனியாக இருக்காதீர்கள். கணவரை எழுப்புங்கள், அன்று ராத்திரியே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். போனில் பேச 14416 என்ற டெலி மனஸ் எண் இருக்கிறது. இலவசம், 3 மணிக்கு விழித்தாலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104ஐயும் கூப்பிடலாம்.

அடுத்தது உங்கள் தூக்கம். விடியுமுன் விழிப்பு, சாப்பாடு இறங்காமை, தன்மேல் ஓயாத குற்றச்சாட்டு, எதிலும் ஒட்டுதல் இல்லாமை. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. கடிதத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது, நேரில்தான் பார்க்க வேண்டும். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. போகும்போது தைராய்டும் ரத்த அளவும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வயதில் அவையும் இப்படி ஆளைச் சாய்க்கும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காய்ச்சலில் கிடப்பவருக்கு மீன்குழம்பு ருசிக்காது. குழம்பில் குறை தேடி என்ன பயன்? மனச்சோர்வும் அப்படித்தான் எல்லா ருசியையும் எடுத்துவிடும். மகள் போனில் சிரித்தாலும் எட்டவில்லை, நல்ல துணி தைத்தாலும் திருப்தியில்லை என்ற நிலையில், ஜெபத்தில் மட்டும் ஆறுதல் எப்படி எட்டும்? ஆண்டவர் பேசவில்லை என்று நீங்கள் நினைக்கும் இடத்தில், கேட்கும் காது நோயாகக் கிடக்கலாம்.

எலியா தீர்க்கதரிசியை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றவர். நீங்கள் ராத்திரி நினைப்பதும் அதேதான். அவருக்குக் கிடைத்த பதில் கண்டிப்பு அல்ல, பிரசங்கமும் அல்ல. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார், தூதனும் விட்டுவிடுகிறான். இரண்டாம் தரம் எழுப்பும்போதும் சாப்பாடுதான். ஓரேப் மலைக்குப் போனது, மெல்லிய சத்தம் கேட்டது எல்லாம் அதற்கும் நாற்பது நாளுக்குப் பிறகு. உங்களைப் போன்ற நிலையில் வருகிறவர்களை இன்னும் உபவாசம் இருக்கச் சொல்லி அனுப்புகிறார்களே என்று எனக்குக் கோபம் வரும். உங்களுக்கு இப்போது உபவாசம் வேண்டாம். மூன்று வேளையும் கொஞ்சமாவது சாப்பிடுங்கள்.

மாத்திரை எடுத்தால் விசுவாசம் குறைந்ததாகுமோ என்று தோன்றினால் சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவைப் பாருங்கள். 15 வருஷம் ஆயுசைக் கூட்டுகிறேன் என்று வாக்கு வந்த பிறகும், ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். திண்டிவனத்தில் மிஷனெரி மகளான ஐடா ஸ்கடர் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததை அறிந்து ஜெபித்தார். அந்த ஜெபம் அவரை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பியது. படித்துத் திரும்பி 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை.

சரி, அந்த அக்கா. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். எல்லாம் இழந்து தவித்த யோபுவின் சிநேகிதரும் கெட்டவர்கள் அல்ல. ஏழு நாள் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தவரைக்கும் சரியாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்ததும் கெட்டது. கடைசியில் தேவன் கோபித்துக்கொண்டது அவர்கள்மேல்தான், முறையிட்ட யோபுவின்மேல் அல்ல. கென்னத் பார்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், கஷ்டகாலத்தில் மனிதர் கடவுளை எப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பல வருஷம் ஆராய்ந்தவர். 'கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டார்' என்ற எண்ணத்திலேயே சிக்கிக்கொள்கிறவர்களுக்கு மனமும் உடலும் மோசமாவதை அவருடைய ஆய்வுகள் காட்டின. எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்பவர்கள், எல்லாவற்றையும் அவர்மேல் போட்டுவிட்டுச் சும்மா இருப்பவர்கள், அவரோடு சேர்ந்து பாரத்தைத் தூக்குகிறவர்கள் என்று மூன்று விதத்தையும் பிரித்துச் சொன்னார். நீங்கள் வெளியே இரண்டாவது ஆளாகவும் உள்ளுக்குள் முதல் ஆளாகவும் இருக்கிறீர்கள். ஜெபத்தில் ஒப்படைத்தாயிற்று என்கிறீர்கள், ஆனால் நான்கு கடன் நோட்டையும் யாருக்கும் காட்டாமல் தனியாகச் சுமக்கிறீர்கள்.

மூன்றாவது வழி உங்கள் சண்டே ஸ்கூல் கதையிலேயே இருக்கிறது. அந்த விதவை முதலில் செய்தது என்ன? கடன் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாள். எலிசா கேட்டதும் கணக்குத்தான், வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது என்று. காணிக்கை கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்! அடுத்து அயல்வீட்டுக்காரரிடம் போய் வெறும் பாத்திரம் கேட்கச் சொன்னார். கடன்பட்ட வீட்டுப் பெண் ஒவ்வொரு கதவாகத் தட்டுவது லேசான காரியமா? எண்ணெய் ஊறியதைவிட அதுதான் எனக்குப் பெரிய அற்புதமாகத் தெரிகிறது. அப்புறம் பிள்ளைகளோடு உள்ளே போய்க் கதவைப் பூட்டினாள். அவர்கள் பாத்திரத்தை எடுத்துக் கொடுக்க, அவள் வார்த்தாள். வீட்டில் ஒருவருக்கும் மறைக்கவில்லை.

ஆகவே இந்த வாரமே ஒரு நோட்டை எடுத்து எல்லாக் கடனையும் எழுதுங்கள். யாருக்கு, மீதி எவ்வளவு, தவணை எவ்வளவு, எதில் கையெழுத்து. எழுதியதைக் கணவர் கையில் கொடுங்கள். பயமாயிருந்தால் ஐயரம்மாவையோ (போதகரின் மனைவி) உங்கள் அண்ணன் தம்பி யாரையாவதோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கோபப்படலாம். கால் முடியாமல் கிடக்கும் மனிதருக்கு, தன்னிடம் மறைத்தது கடனைவிட அதிகமாக வலிக்கும். அந்த வலிக்கு இடம் கொடுங்கள், பதிலுக்குப் பதில் பேச வேண்டாம்.

கடனை அடைக்க ஐந்தாவது குழு வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, சிறுகடன் வாங்கும் குடும்பத்தின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. உங்களுக்கோ வருமானத்தைப் போல இரண்டு மடங்கு போகிறது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் விபத்துச் சான்றை இணைத்து, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக்கூடாது, மிரட்டவோ அசிங்கமாகப் பேசவோ கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

பத்து வட்டி வேறு ரகம். வருஷத்துக்கு நூற்றுக்கு 120 ரூபாய். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டப்படி அது குற்றம். தொகை எழுதாத பாண்டு கடன் கொடுத்தவர் கையில் இருப்பதால் தனியாகப் போய்ப் பேசாதீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100க்குப் போன் செய்யலாம்.

5,000 ரூபாய் காணிக்கைக்காக உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். மூழ்குகிறவர் கைக்கு எது பட்டாலும் பிடிப்பார். ஆனால் இன்னொரு தரம் யார் கேட்டாலும், கடன் தீர்ந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். விசுவாசம் இல்லாதவர் விடியற்காலம் 3 மணிக்கு முழங்காலில் நின்று வார்த்தை வரவில்லையே என்று அழ மாட்டார். வார்த்தை வராவிட்டால் சங்கீதக்காரனிடம் கடன் வாங்குங்கள், அந்தக் கடனுக்கு வட்டி கிடையாது. 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். முடிவில்கூட வெளிச்சம் வராது, இருளிலேயே நிற்கும். அதையும் வேதத்தில் வைத்துத்தான் இருக்கிறார்கள். அதுவும் முடியவில்லையென்றால் கொஞ்ச நாள் மற்றவர்கள் உங்களுக்காக ஜெபிக்கட்டும். கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்துபோய்க் கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு கண்டது அவர்களுடைய விசுவாசத்தை. படுக்கையில் கிடந்தவன் என்ன ஜெபித்தான் என்று எங்கும் எழுதவில்லை. சபையில் அப்படி நாலு பேர் வேண்டும், ஆனால் காரணம் தேடாதவர்களாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

அந்தப் பையனின் கேள்வி நல்ல கேள்வி. பாத்திரம் போதவில்லை, விசுவாசம் குறைவு, அதனால் நின்றது என்று சிலர் பிரசங்கிப்பதை நானும் கேட்டிருக்கிறேன். நான் அப்படி வாசிப்பதில்லை. எண்ணெயை விற்றுக் கடனைத் தீர், மீந்ததைக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் பிழையுங்கள் என்கிறார் எலிசா. அவள் பணக்காரி ஆனதாகக் கதை இல்லை. பிள்ளைகள் வீட்டிலேயே இருந்தார்கள். தேவைப்பட்ட அளவு வந்ததும் நின்றது. நீங்கள் வேறு மாதிரி வாசிக்கலாம், 17 வருஷம் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்தானே.

வகுப்புக்கு இந்த ஞாயிறே போக வேண்டும் என்றில்லை. காய்ச்சல் என்று சொன்னதை மட்டும் ஐயரம்மாவிடம் மாற்றிச் சொல்லிவிடுங்கள். திங்கட்கிழமை காலையில் ஓ.பி. சீட்டு வாங்க வரிசை நீளமாக இருக்கும், எட்டு மணிக்கே போய்விடுங்கள். துணைக்கு மகளைக் கூட்டிப்போங்கள். நோட்டு எழுதி முடித்ததும் எனக்கு ஒரு வரி போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்