கிணத்து நீச்சல் கடலுக்குப் போதுமா?

கேள்வி: ஏனுங்ண்ணா, கோடை லீவுல அந்தமான் போய்ப் பாய்மரப் படகும் ஸ்கூபாவும் (காத்து சிலிண்டர் கட்டிக் கடலுக்குள்ள முங்கறது) கத்துக்கலாம்னு இருக்கேன். தோட்டத்துக் கிணத்துல நீந்திப் பழக்கம். அது போதுங்களா?
– கல்லூரி மாணவி, கோபிச்செட்டிபாளையம்

பதில்: தாராளமாப் போதும் கண்ணு. ஸ்கூபா ஆரம்பப் பயிற்சிக்கு 200 மீட்டர் நீந்தி, 10 நிமிஷம் மிதக்கத் தெரிஞ்சாச் சரி. ஆனா கிணத்துல மூச்சைப் பிடிச்சு முங்கின பழக்கத்தை விட்டுடணும். சிலிண்டர் கட்டிக்கிட்டு மூச்சைப் பிடிச்சபடி மேலே வந்தா, உள்ளே இருக்கிற காத்து விரிஞ்சு நுரையீரலையே கிழிச்சுடும். 10 மீட்டர் ஆழத்துலயே அழுத்தம் மேலே இருக்கறதுக்கு ரெண்டு மடங்கு. காது வலிக்கறதுக்கு முந்தியே மூக்கைப் பொத்திக்கிட்டு மூக்கு வழியாவே மெதுவா ஊது.

அந்தமான்ல ஹாவ்லாக் தீவுல (இப்போ ஸ்வராஜ் தீவு) நான் கத்துக்கிட்டப்போ, கிளிமீன் பவளப்பாறையைக் கொறிக்கிற சத்தம் நறநறன்னு காதுல விழுந்துச்சு. அதுக்காகவே போகலாம்! பரீட்சை முடிஞ்ச கையோட கிளம்பு, மே பாதிக்கு மேல மழை பிடிச்சுக்கும். கடைசியா முங்கி 18 மணி நேரமாவது கழிச்சுத்தான் விமானம் ஏறணும்.