நாடு முழுவதும் அதிவேக ரயில் பாதை அமைப்பதில் உண்மையான சிக்கல் எது?

பலர் தொழில்நுட்பம் என்பார்கள். அது காசு கொடுத்தால் கிடைக்கும். என்னைக் கேட்டால், நிலம்தான்.

காரணம் வளைவு. மற்றதெல்லாம் அப்படியே இருக்க, வேகத்தை 2 மடங்காக்கினால் வளைவின் ஆரம் 4 மடங்காக வேண்டும். 1964-ல் டோக்கியோ, ஒசாகா இடையே மணிக்கு 210 கி.மீ. வேகத்தில் ஓடத் தொடங்கிய ஜப்பானின் அதிவேக ரயிலான ஷின்கான்சென் பாதைக்கு 2,500 மீட்டர் ஆரம் வைத்தார்கள். பிறகு மேற்கே நீட்டியபோது அது 4,000 ஆனது. எதிரே ஒரு ஊரோ ஏரியோ வந்தால் சாலை மாதிரி சட்டென்று ஒதுங்க முடியாது. பல கிலோமீட்டர் முன்பிருந்தே பாதையை நகர்த்த வேண்டும், அங்கே வேறொருவர் நிலம் அடிபடும்.

ஒரு விவசாயியின் இடத்தில் நின்று பாருங்கள். பாதைக்குப் போவது அரை ஏக்கராக இருக்கலாம். ஆனால் கிணறு இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம் என்று ஆகிவிடும். இந்த வேகத்துக்கு லெவல் கிராசிங் வைக்க முடியாது. அடுத்த சுரங்கப்பாதை வரை டிராக்டரைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போக வேண்டும், அதுவும் தினமும். அவர் வழக்குப் போட்டால் வளர்ச்சிக்கு எதிரி என்று திட்டுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அப்புறம், நடுவில் ஒரு துண்டு கைக்கு வரவில்லை என்றால் இரண்டு பக்கமும் போட்ட பாதை சும்மா கிடக்கும். கலிபோர்னியாவில் அதிவேக ரயிலுக்காக 2008-ல் மக்கள் வாக்களித்து ஏறத்தாழ 1,000 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்கு ஒப்புதல் தந்தார்கள். நிலம் முழுக்க வாங்கும் முன்பே கட்டுமான ஒப்பந்தங்களைக் கொடுத்துவிட்டார்கள். வேலை தாமதமானது, செலவு எகிறியது. 2020-ல் ஓட வேண்டிய ரயில் இன்னும் ஓடவில்லை.

ஜப்பானுக்கு மட்டும் எப்படி ஐந்தரை ஆண்டில் முடிந்தது? 1940-லேயே அந்தத் தடத்துக்கு ஒரு திட்டம் போட்டு, நிலத்தில் ஒரு பகுதியை வாங்கி, சுரங்கங்களும் தோண்டத் தொடங்கியிருந்தார்கள். போரில் நின்றுபோன அந்த வேலை பின்னால் கைகொடுத்தது. அப்படியும் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகி, ரயில்வே தலைவர் சோகோ ஷின்ஜி 1963-ல் பதவியை விட்டுப் போனார்.

எந்த அரசானாலும் சரி, ரயில் வாங்கப் பேசுவதற்கு முன் தடத்தைக் குறித்து, மனம் நோகாத விலை கொடுத்து நிலத்தை வாங்கி வைக்கட்டும்.