வீட்டுக் கடன் நிலுவையும் தரகர் கேட்கும் உறுதியும்

கேள்வி: ஹட்டனுக்கு அண்மையில் 10 பேர்ச்சஸ் காணி வாங்கி, வங்கியில் 28 இலட்சம் ரூபா கடன் பெற்று வீடு கட்டினோம். கணவரின் கடை வருமானம் குறைந்ததால் மூன்று மாதத் தவணை நிலுவையாகிவிட்டது. வங்கி வீட்டை விரைவில் ஏலம் விட்டுவிடும் என்று கூறும் தரகர் ஒருவர், தமக்குத் தெரிந்த முதலாளி கடனைக் கட்டி வீட்டை மீட்டுத் தருவார் என்கிறார். அதுவரை வீட்டின் உறுதியை (உரிமைப் பத்திரத்தை) அந்த முதலாளியின் பெயருக்கு எழுதி வைக்க வேண்டுமாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் மீண்டும் எழுதித் தருவார்களாம். செலவுக்கென்று 40,000 ரூபா முன்பணமும் கேட்கிறார். கையொப்பமிடலாமா?
- வாசகி, ஹட்டன்

பதில்: கையொப்பமிட வேண்டாம்; முன்பணமும் கொடுக்க வேண்டாம். உங்களிடம் கேட்கப்படுவது ஈட்டு உறுதி அன்று, விற்பனை உறுதி. ஈடு வைத்தால் வீடு உங்களுடையதாகவே இருக்கும். கடன் கொடுத்தவர் தனியாளாயின், வழக்குத் தொடர்ந்துதான் அதை விற்க முடியும். விற்பனை உறுதியிலோ, ‘பெறுமதியைப் பெற்றுக்கொண்டு அறுதியாக விற்றேன்’ என்று நீங்களே எழுதிக் கொடுத்தவராகிறீர்கள். திருப்பி எழுதித் தருவதாக வாயால் சொன்ன வாக்கைச் சட்டம் எளிதில் ஏற்காது. ஏனெனில் காணி தொடர்பான உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்தே இங்குள்ள விதி. நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவின் கீழ், உண்மையில் விற்கும் எண்ணம் இருக்கவில்லை என்று காட்டி வழக்காடி வீட்டை மீட்டவர்கள் உண்டு என்றாலும், அந்த வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுபவை. உறுதி சிங்களத்தில் எழுதப்பட்டு, உங்களால் அதை வாசிக்க முடியாவிட்டால், வாசித்து விளங்கப்படுத்துவது நொத்தாரிசின் கடமை. ‘அவசரம், பிறகு பார்க்கலாம்’ என்று சொல்பவர் முன்னால் பேனாவை எடுக்கவே வேண்டாம்.

ஏலம் பற்றிய பயமுறுத்தலும் மிகைப்படுத்தியது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி வங்கி நீதிமன்றம் செல்லாமல் ஈட்டுச் சொத்தை ஏலம் விடலாம் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பணிப்பாளர் சபையின் தீர்மானம் வேண்டும்; வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் அறிவித்தலும் வெளியாக வேண்டும். அதைவிட முக்கியமாக, வட்டி சேராத முதல் தொகை 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடன்களுக்கு இந்த வழியைப் பயன்படுத்த முடியாதென 2011ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. உங்கள் கடன் 28 இலட்சம் என்பதால் இந்தச் சட்டப்படி வங்கி நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருக்கும். இதனால் நிலுவையை அப்படியே விட்டுவிடலாம் என்று பொருளல்ல. வட்டி ஏறிக்கொண்டே போகும், கடன் தகவல் பணியகத்திலும் பதிவாகும்.

தரகரை விட்டுவிட்டு, இந்த வாரமே கணவருடன் சென்று கிளை முகாமையாளரைச் சந்தியுங்கள். கடையின் வருமானம் எவ்வளவு குறைந்தது, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதை ஒரு பக்கக் கடிதமாக எழுதி, தவணைக் காலத்தை நீடித்துக் கடனை மீளமைத்துத் தருமாறு கேளுங்கள். கடிதத்தின் பிரதியில் கிளையின் முத்திரையையும் திகதியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்ட வேண்டுகோளுக்கு நாளை ஆதாரம் இராது. திருப்தியான பதில் கிடைக்காவிட்டால், இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

மலையகத்தில் பல தலைமுறைகள் லயத்து அறையிலே வாழ்ந்த பின்னர்தான் ஒரு குடும்பத்துக்குச் சொந்தக் காணி கிடைக்கிறது. 28 இலட்சம் கடனைக் காட்டி அதைவிடப் பெறுமதியான வீட்டை எழுதி வாங்குவது அந்த உழைப்பையே பறிப்பதாகும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஏற்கெனவே ஏதேனும் தாளிலோ, உங்கள் சார்பில் இன்னொருவர் செயற்பட அதிகாரம் அளிக்கும் அற்றோணித் தத்துவத்திலோ கையொப்பமிட்டிருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சட்டத்தரணி ஒருவரிடம் சொல்லுங்கள். உங்கள் காணியின் பேரில் என்ன பதிவாகியிருக்கிறது என்பதைக் காணிப் பதிவகத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். தனியார் சட்டத்தரணிக்குச் செலவிட வசதியில்லை என்றால், குறைந்த வருமானமுள்ளோருக்கு இலவசமாக உதவும் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு வங்கிக் கடிதங்கள், பற்றுச்சீட்டுகள், தரகர் அனுப்பிய செய்திகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.