பரணில் கிடக்கும் கேள்வித்தாள்

வணக்கம் சார்,

எனக்கு 29 வயது. பி.எஸ்சி. முடித்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். குரூப் 4 தேர்வை 2019, 2022, 2024 என்று மூன்று முறை எழுதிவிட்டேன். கடைசி முறை நான்கு கேள்வியில் போய்விட்டது. முடிவு வந்த அன்று கேள்வித்தாளைச் சுருட்டிப் பரணில் போட்டவன், இன்றுவரை எடுத்துப் பார்க்கவில்லை. தினமும் நூலகத்துக்குப் போகிறேன். மதியத்துக்குள் சோர்வு வந்துவிடுகிறது. வீட்டில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. எனக்கு மனஉறுதி இல்லையா சார்? அதை எப்படி வளர்த்துக்கொள்வது?

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள தம்பி,

முதலில் கணக்கு. நீங்கள் எழுதிய 2022 தேர்வில் உங்களோடு உட்கார்ந்தவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். இடங்கள் 10 ஆயிரத்துச் சொச்சம். ஏறத்தாழ 180 பேருக்கு ஒரு நாற்காலி. அந்த 179 பேருக்கும் மனஉறுதி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னொன்றும் உண்டு. ஜூலை 24 அன்று எழுதிய அந்தத் தேர்வின் முடிவு அடுத்த ஆண்டு மார்ச் 24 அன்றுதான் வந்தது. எட்டு மாதம் காத்திருந்து வாங்குகிற அடி, உடனே விழுகிற அடியைவிட அதிகம் வலிக்கும். மதியத்தில் சோர்வு வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

மனஉறுதியைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. என் இடது தோளைப் பற்றித் தெரியும், அதைச் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் அந்தத் தோள் இறுகிப்போனது. ஃப்ரோசன் ஷோல்டர் என்றார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருமாம், எனக்குச் சர்க்கரை உண்டு. சட்டை போட முடியாது, தலை துவட்ட முடியாது, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பிசியோதெரபி செய்த பெண் பெரிய கருவி எதையும் எடுக்கவில்லை. என்னைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்து, இரண்டு விரலால் சிலந்தி மாதிரி மேலே ஏறச் சொன்னார். வலி நிறுத்திய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில் தேதி. வீட்டிலும் தினமும் இதே வேலை.

முதல் வாரம் இரண்டு விரற்கடை ஏறியது. எனக்கு ஏக குஷி. அப்புறம் மூன்று வாரம் அதே இடம். கோட்டின் மேல் கோடு விழுந்து அங்கே ஒரு கறுப்புத் திட்டே வந்துவிட்டது. ஒரு நாள் காலை, கோடு பழைய திட்டுக்கும் கீழே போனது. அன்று நான் தேதி போடவில்லை. மறுநாளும் போடவில்லை. அப்படியே ஒரு வாரம் சுவர்ப் பக்கமே போகவில்லை. அந்தப் பெண்ணிடம் பொய் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “இறங்கின அன்னைக்குத் தேதி போட்டீங்களா சார்?” இல்லை என்றேன். “அதைத்தான் முதல்ல போடணும். எங்க நிக்குதுன்னு தெரிஞ்சாத்தானே நான் பயிற்சியை மாத்த முடியும்?”

கை முழுதாக மேலே போக ஒன்றரை வருடம் ஆனது. சுவர் இன்னும் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. வெள்ளையடித்தபோது அந்தப் பட்டையை மட்டும் விட்டுவிடச் சொன்னாள் என் மனைவி, கேலிக்காகத்தான்.

நீங்கள் தேர்வுக்கு உ.வே.சா.வைப் பற்றி நாலு வரி மனப்பாடம் செய்திருப்பீர்கள். 1887 சிந்தாமணி, 1889 பத்துப்பாட்டு, 1892 சிலப்பதிகாரம் என்று. அந்த வருடங்களுக்கு நடுவில் கரிவலம்வந்தநல்லூர் என்று ஓர் ஊர் வரும், அது கேள்வித்தாளில் வராது. ஏடு தேடி அங்கே போனார். பாண்டிய மன்னர் சேர்த்த ஏடுகள் கோயிலில் இருந்ததாகக் கேள்வி. பழுதான ஏடுகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். நெருப்புக்குப் போனது போனதுதான், எந்த உறுதியாலும் திரும்பாது. அவர் வயிறெரிந்தார், அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். தேடுவதை விடவில்லை. குறுந்தொகையை அவர் பதிப்பித்தது 1937-இல், 82 வயதில்.

ஆனால் ஒன்று. விடாமல் இருப்பதே எப்போதும் சரி என்று நான் சொல்ல மாட்டேன். இன்னும் எத்தனை தேர்வு என்பதை இப்போதே முடிவு செய்து வீட்டில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அவர்கள் மௌனமாக இருப்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாததால் இருக்கலாம். பகுதி நேரமாக ஒரு வேலையும் பாருங்கள். மதியத்துக்கு மேல் நூலகத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அது மேல்.

சரி, அந்தக் கேள்வித்தாள். நான்கு கேள்வி என்கிறீர்கள். எந்த நான்கு? பொதுத்தமிழா, கணக்கா? உங்களுக்கே தெரியாது, ஏனென்றால் அது பரணில் கிடக்கிறது. ஸ்டூலைப் போட்டு ஏறி இறக்குங்கள். 200 கேள்வியையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம். முதல் பத்து மட்டும் விடையோடு ஒப்பிட்டு, ஓரத்தில் பென்சிலால் தேதி போட்டு வையுங்கள். பத்தில் எத்தனை என்று எனக்கு எழுதுங்கள்.