ஒத்த மனத்தோரைக் குறிக்கும் சீன மரபுத்தொடர்கள்: கேள்வி பதில்

சீன மொழி பயிலும் மாணவி: ‘ஜி தொங் தாவ் ஹ’ என்ற தொடரை நண்பர்களுக்குச் சொல்லலாமா? அது எங்கே தோன்றியது?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். நாட்டமும் ஒன்று, செல்லும் வழியும் ஒன்று என்பது பொருள். கூட்டாகத் தொழில் தொடங்குவோருக்கும் தம்பதியருக்கும்கூட இது பொருந்தும். ஆனால் இது நட்பைப் பாடிப் பிறந்த தொடர் அன்று. 3ஆம் நூற்றாண்டில், வெய் நாட்டு இளவரசரும் கவிஞருமான சாவ் ஜி, தம் அண்ணன் மகனான பேரரசர் சாவ் ருய்க்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். பண்டைக் காலத்தில் சீதனப் பணியாளாக வந்த யி யின்னும், இறைச்சி வெட்டியும் மீன் பிடித்தும் வாழ்ந்த லூ ஷாங்கும் மன்னர்களால் உயர்த்தப்பட்டது வழியும் நாட்டமும் ஒத்திருந்ததால்தான் என்று அதில் வாதிடுகிறார். தகுதியிருந்தும் பொறுப்பான பதவி மறுக்கப்பட்ட ஒருவரின் சொற்கள் இவை என்பதை மறவாமல் படியுங்கள்.

இசை ஆர்வலர்: உற்ற நண்பரை ‘ஜியின்’, அதாவது இசையறிந்தவர், என்பது ஏன்?

பதில்: பண்டைச் சீனக் கதை ஒன்றிலிருந்து வந்த பெயர் இது. இசைக் கலைஞர் போ யா உயர்ந்த மலையை எண்ணி ‘ச்சின்’ என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டினால் அவர் நண்பர் ஜோங் சிச்சி மலையை உணர்ந்தார், ஓடும் நீரை எண்ணினால் நீரை உணர்ந்தார். சிச்சி இறந்தபின், கேட்கத் தகுந்தவர் இனி இல்லையென்று போ யா கருவியை உடைத்து, நரம்புகளை அறுத்து, வாழ்நாள் முழுவதும் வாசிக்கவே இல்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘லூஷி சுன்ச்சியு’ என்னும் நூல் இக்கதையைச் சொல்லிவிட்டு, அறிஞரை உரிய முறையில் ஏற்காத அரசனிடம் அவர் எவ்வாறு முழு மனத்துடன் பணியாற்றுவார் என்று கேட்கிறது. பலரும் விட்டுவிடும் இப்பகுதியே கதையின் உயிர் என்பது என் கருத்து. ‘ஓடும் நீர்’ என்ற பெயரில் குவான் பிங்ஹு வாசித்த இசை, 1977இல் வாயேஜர் விண்கலங்களின் தங்க இசைத்தட்டில் இடம்பெற்றது.

ஆசிரியர் ஒருவர்: ‘இனம் இனத்தோடு சேரும்’ என்ற கருத்தில் சீனத் தொடர் உண்டா?

பதில்: உண்டு. பொருள்கள் வகைப்படி கூடும், மனிதர் குழுவாகப் பிரிவர் என்பது அது. அதன் பழைய வடிவம் ‘யிஜிங்’ என்னும் பழஞ்சீனக் குறிநூலின் உரைப்பகுதியில் உள்ளது. ச்சி நாட்டு மன்னர் சுவானுக்கு ச்சுன்யூ குன் என்னும் அறிஞர் ஒரே நாளில் ஏழு அறிஞர்களைப் பரிந்துரைத்த நிகழ்ச்சியும் இதனுடன் சேர்த்துப் பேசப்படுகிறது. இத்தனை பேரா என மன்னர் ஐயுற, மூலிகையைச் சதுப்பில் தேடினால் தலைமுறைகள் கடந்தாலும் ஒன்றும் கிட்டாது, அது விளையும் மலைக்குப் போனால் வண்டி வண்டியாக அள்ளலாம் என்றார் அவர். இன்று இத்தொடர் பெரும்பாலும் தீயோர் கூட்டத்தைச் சுட்டுவதால், பாராட்டாகச் சொல்வதைத் தவிர்ப்பது நல்லது.