எடைச் சீட்டை எடை மெஷினுக்குப் பிள்ளையாக்க வேண்டாம்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில், சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலைக்கு எடைச் சீட்டுப் போடும் புரோகிராமை, பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதியது, பார்த்துக்கொள்கிறேன். எடை மெஷின் சீரியல் போர்ட் வழியாகக் கிலோவை அனுப்புகிறது. சீட்டு கிளாஸை, போர்ட்டைக் கையாளும் டிவைஸ்::சீரியல்போர்ட் மாட்யூலின் சப்கிளாஸாக (அதன் மெத்தட்களை அப்படியே பெறும் பிள்ளை கிளாஸாக) எழுதலாமா?

பதில்: வேண்டாம். சீட்டு ஒரு போர்ட் அல்ல. இலையை நிறுக்கும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் அதற்குப் போர்ட் தேவைப்படுகிறது. நாளைக்கு மாதக் கணக்குக்காகப் பழைய சீட்டை டேட்டாபேஸிலிருந்து எடுக்கும்போதும் போர்ட்டைத் திறந்தால்தான் ஆப்ஜெக்ட் உருவாகும் என்றால் என்ன செய்வீர்கள்?

பெர்லில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இங்கே ஆப்ஜெக்ட் என்பது பெரும்பாலும் பிளெஸ் செய்த, அதாவது ஒரு கிளாஸோடு இணைத்த, ஒரு ஹாஷ் (கீயும் மதிப்புமாக வைக்கும் தொகுப்பு). மேல் கிளாஸும் சப்கிளாஸும் அந்த ஒரே ஹாஷில்தான் எழுதுகின்றன. இரண்டும் ஒரே கீயைப் பயன்படுத்தினால் ஒன்றின் மதிப்பை மற்றது அழித்துவிடும். பிழைகளைக் காட்டும் ஸ்டிரிக்ட், வார்னிங்ஸ் போட்டிருந்தாலும் சத்தமே வராது. மெத்தட் பெயர்களும் அப்படித்தான். சீரியல்போர்ட்டில் ஏற்கெனவே குளோஸ், ஸ்டேட்டஸ் என்ற மெத்தட்கள் இருக்கின்றன. சீட்டை முடித்துவைக்க நீங்களும் ஒரு குளோஸ் எழுதினால் போர்ட்டை மூடும் குளோஸ் மறைந்துபோகும். ஒரு விவசாயியின் கூலியும் உரச்செலவும் அந்தக் கிலோ எண்ணில் இருக்கின்றன. சத்தமில்லாமல் தப்பாகும் இடத்தில் அதை வைக்கக் கூடாது.

சரி, எப்படி எழுதுவது? எடை மெஷினுக்குத் தனி கிளாஸ், அதில் எடையைப் படிக்கும் ஒரே மெத்தட். போர்ட் அதற்குள்ளேயே இருக்கட்டும். சீட்டின் நியூ மெத்தடுக்கு அந்த மெஷின் ஆப்ஜெக்ட்டைக் கொடுங்கள். பழைய சீட்டு என்றால் கொடுக்காமலே விடலாம். மூ (பெர்லில் கிளாஸ் எழுத உதவும் மாட்யூல்) பயன்படுத்தினால், மெஷினை அறிவிக்கும் ஹேஸ் வரியில் ஹேண்டில்ஸ் சேர்த்தால் போதும், அழைப்பு தானாக மெஷினுக்குப் போய்விடும். இதில் எனக்கு மிகவும் பிடித்த பலன்: எப்போதும் 42.5 கிலோ என்று சொல்லும் பொய் மெஷின் ஒன்றை எழுதி, ஃபேக்டரிக்குப் போகாமல் வீட்டிலேயே டெஸ்ட் ஓட்டலாம்.

எஸ்எம்எஸ் அனுப்புவது போலப் பல கிளாஸ்களுக்குப் பொதுவான வேலையை ரோலாக (எந்தக் கிளாஸிலும் சேர்க்கக்கூடிய மெத்தட் தொகுப்பாக) எழுதுங்கள். ஒரே வித் வரியில் சேர்க்கும் இரண்டு ரோல்களில் ஒரே மெத்தட் பெயர் மோதினால் மூ அங்கேயே நிறுத்திப் பிழை சொல்லும்.

இன்ஹெரிட்டன்ஸுக்கும், அதாவது சப்கிளாஸ் எழுதுவதற்கும், இடம் இருக்கிறது. சிறு விவசாயி சீட்டு, சொந்தத் தோட்டத்து இலைச் சீட்டு இரண்டுமே உண்மையில் சீட்டுகள். கழிவு எடை கணக்கு ஒன்று, விலை மட்டும் வேறு. அங்கே யூஸ் பேரண்ட் போடுங்கள், ஒரு அடுக்கோடு நிறுத்துங்கள். 2023-இல் வந்த பெர்ல் 5.38-இன் புதிய கிளாஸ் வசதியில் ஃபீல்டுகள் (ஆப்ஜெக்ட் தன் மதிப்புகளை வைக்கும் இடங்கள்) சப்கிளாஸுக்குத் தெரியாது என்பதால் கீ மோதல் இல்லை. ஆனால் மெத்தட் பெயர் மோதல் அதிலும் அப்படியே இருக்கிறது. அந்த வசதியும் சோதனை நிலையில்தான் வெளிவந்தது.