டப்பாவில் 500 மில்லிகிராம், ரத்தத்தில் எவ்வளவு?

கேள்வி: பாலக்கோட்டில் ஒரு கடையில் பச்சைத் தேயிலைச் சாற்றுக் கேப்சூல் விற்கிறார்கள். 60 கொண்ட டப்பா 1,450 ரூபாய். ‘ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் பாலிபீனால், அப்படியே ரத்தத்தில் சேரும், சர்க்கரை நோய் போய்விடும்’ என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? வீட்டில் தினமும் ராகிக் களிதான்.

பதில்: வாங்காதீர்கள். ‘அப்படியே ரத்தத்தில்’ என்று சொன்னதிலேயே சரக்கின் தரம் தெரிந்துவிட்டது.

பாலிபீனால் என்பது தாவரங்களில் இயல்பாக உள்ள ஒருவகை வேதிப்பொருள். உண்ணும் பாலிபீனாலில் 5 முதல் 10 சதவீதம்தான் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது என்பது பொதுவான கணக்கு. அதையும் கல்லீரல் அந்நியப் பொருளாகவே பார்க்கிறது. கந்தகக் கூறுகளையோ சர்க்கரை அமிலத்தையோ ஒட்டிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. மிச்சமெல்லாம் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிறு அமிலங்களாக உடைத்த பிறகே அதில் ஒரு பகுதி உடலுக்குள் வருகிறது. அந்த நுண்ணுயிர்க் கூட்டம் ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே டப்பாவில் அச்சிட்ட எண், டப்பாவுக்குள் இருப்பதை மட்டுமே சொல்லும்.

அளவு கூடினால் நன்மை கூடும் என்பதும் இல்லை. பச்சைத் தேயிலையின் முக்கியப் பாலிபீனாலான இஜிசிஜி, கேப்சூல் வழியாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் கல்லீரலைப் பாதிக்கலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. கோப்பையில் குடிக்கும் தேநீருக்கு இந்தக் கவலை பொதுவாக இல்லை.

இனி உங்கள் களி. ராகியின் பாலிபீனால் பெரும்பாலும் அதன் செந்நிற மேல்தோலில்தான் இருக்கிறது. பாக்கெட்டில் வெளுப்பாக, நைசாக வரும் மாவில் அது சலித்துப் போயிருக்கலாம். முழு ராகி வாங்கி மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். தருமபுரி மாவட்டத்தில் 2023 முதல் ரேஷன் கடையிலேயே அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி தருகிறார்களே!

ஒரு சங்கடம் உண்டு. இதே பாலிபீனால் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். களி உண்ட கையோடு தேநீர் குடித்தால் இன்னும் மோசம். ஒரு மணி நேரமாவது போகட்டும். ரத்தசோகை உள்ளவர்களுக்கு முளைகட்டிய ராகி நல்லது. முளைகட்டும்போது பாலிபீனால் கொஞ்சம் குறையும், இரும்பு எளிதாகக் கிடைக்கும். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருக்கட்டும்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உணவுத் துணைப்பொருளை நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்கச் சட்டம் இடம் தருவதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையிலும் புகார் தரலாம். வீட்டில் யாரேனும் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இதைத் தொடங்கியிருந்தால், புகாரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.